பாதிப் பேச்சு

1992 மார்ச் 16, சிகாகோ. ஹிலாரி கிளின்டனைச் செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இருந்த கணவர் ஆர்கன்சா மாநில ஆளுநர். மனைவி அதே மாநிலத்தில் வழக்கறிஞர். இதில் ஆதாய முரண் இல்லையா? கேட்க வேண்டிய கேள்விதான். ‘வீட்டிலேயே இருந்து குக்கீ சுட்டு, தேநீர் விருந்து வைத்திருக்கலாம். ஆனால் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன்’ என்றார் அவர்.

அந்த ஒரு வரி நாடெங்கும் பரவியது. இல்லத்தரசிகளை இழிவுபடுத்திவிட்டார் என்று கொதித்தார்கள். வேலையா, வீடா, இரண்டுமா என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்று அதே பதிலில் அவர் சொன்னது பலர் காதை எட்டவே இல்லை. அந்த ஆண்டே ‘ஃபேமிலி சர்க்கிள்’ இதழ் ஹிலாரிக்கும் அப்போதைய அதிபரின் மனைவி பார்பரா புஷ்ஷுக்கும் குக்கீ செய்முறைப் போட்டி வைத்தது. ஆதாய முரண் பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது.

2008 பிப்ரவரியில், அதிபர் தேர்தல் களத்தில் இருந்த இன்னொருவரின் மனைவி மிஷெல் ஒபாமாவுக்கும் இதுவே நடந்தது. மக்கள் மாற்றத்துக்காகத் திரள்வதைக் கண்டு, வயதுவந்த நாளிலிருந்து முதல்முறையாக நாட்டை எண்ணி உண்மையில் பெருமைப்படுவதாகச் சொன்னார். பெருமையின் காரணத்தை விட்டுவிட்டு, ‘முதல்முறை’யை மட்டும் பிடித்துக்கொண்டு அவருடைய தேசப்பற்றையே சந்தேகித்தார்கள்.

வாக்குச்சீட்டில் துணைவியின் பெயர் இருப்பதில்லை. அவர் வாய்தவறிய சொல்லைத் துரத்தும் ஒவ்வொரு மணி நேரமும், வேட்பாளர் பதில் சொல்லாமல் தப்பிக்கும் நேரம். ஒருவரை எடைபோடுமுன் அவர் பேசியதை முழுதாகக் கேட்போம். அதுவே அவருக்கும் நம் வாக்குக்கும் நாம் செய்யும் நியாயம்.