சேர்வராயன் மலை யாத்திரை

எம்பெருமானுக்கு மலைவாசத்தில் தனி உகப்பு உண்டு. முதுமையால் தளர்வதற்கு முன்பே திருமாலிருஞ்சோலை மலையைச் சேரவேண்டும் என்றும், அதனை வலம் வருதலும் நினைத்தலுமே நன்மை என்றும் நம்மாழ்வார் உபதேசித்தருளினார்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்லும் அன்பர்கள் ஏரியில் படகேறுகின்றனர். கிளியூர் அருவியைக் காண்கின்றனர். அத்துடன் திரும்பிவிடலாகாது. சுமார் 5,300 அடி உயரத்தில், சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரு குகையில் எழுந்தருளியுள்ளனர். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் ஸந்நிதி அது. மே மாதத்தில் அங்கே திருவிழா நடைபெறுகிறது. குகை குறுகியது, குனிந்தே உட்புகவேண்டும். செல்வனாயினும் பண்டிதனாயினும் தலை தாழ்ந்தவனுக்கே அங்கு ஸேவை. வெளியே வந்து நின்றால் மலைத்தொடர் முழுவதும் கண்முன் விரியும். அந்த விரிவையும் ஸேவையாகவே கொள்ளவேண்டும்.

ஏனெனில், சேதன அசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தம். மலையும் காடும் அருவியும் அதில் அடங்கியவையே. உள்ளே கை கூப்பியவர் வெளியே பிளாஸ்டிக் பைகளையும் கண்ணாடிப் புட்டிகளையும் எறிந்தால், அவை எவருடைய திருமேனியில் விழுகின்றன? கொண்டு சென்றதைத் தாமே திருப்பிக் கொணர்தலும் கைங்கர்யமே. புஷ்பம் ஸமர்ப்பிக்க இயலாதவரும் இதனைச் செய்யலாம்.

இவ்வாறு மலையேறும் பாகவதர்கள் எம்பெருமான் திருவருளால் ஸகல க்ஷேமங்களையும் பெறுவார்களாக.