நோவு தவமாகுமா?



காஞ்சிக்குக் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளை நீங்கள் அறிவீர்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கிய காலந்தொட்டு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து நம் பிள்ளைகள் பலர் கழனியை விட்டு அங்கே வேலைக்குச் செல்கின்றனர். அவ்வாறு சென்ற ஓர் இளைஞரை ஒரகடத்தில் அவர் தங்கியிருந்த வாடகை அறையில் கண்டேன். நாள் முழுதும் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் திருகாணி முடுக்கும் பணி அவருடையது. வலத்தோளின் தசைநார் கிழிந்து, அறுவை மருத்துவம் முடிந்து 5 வாரம் ஆகியிருந்தது. கை தூளியில் கிடந்தது, முகம் வாடியிருந்தது.

மருத்துவர் தந்த வலி மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. காரணம் வினவினேன். ஊரிலிருந்து வந்து உடனிருந்த தாயார், "பழவினைதான் ஐயா இப்படி நோவாக வருகிறது. பொறுத்தால் கழிந்துபோகும் என்று நான்தான் சொன்னேன்" என்றார். மகனோ, "கண்ணயர்ந்து பத்து நாள் ஆயிற்று ஐயா. கையைப் பயிற்சியாக அசைக்கச் சொன்னார்கள். அசைத்தால் உயிர் போகிறது. அதனால் பயிற்சியையே விட்டுவிட்டேன்" என்றார்.

அந்த அம்மையார் கூற்றில் ஒரு பாதி ஜினவாணியே. எண்வினைகளுள் வேதனீயம் என்பது சாதம், அசாதம் என இருவகைப்படும். அசாதம் உதயமாகும்போது உடல் நோவுறுகிறது. இஃது உண்மை. ஆயினும் மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம். அந்த அசாத வேதனீயம் புதிதாக எவ்வாறு ஊறுகிறது என்பதை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். துன்பமும் துயரமும் புலம்பலும் பிறரிடத்து விளைத்தால் மட்டுமன்று, தன்னிடத்தே விளைத்துக்கொண்டாலும் அவ்வினை ஊறும் என்பது அவர் கருத்து. தீர்க்கத்தக்க நோவைத் தீர்க்காமல் வைத்து இரவெல்லாம் புலம்புகிறவன் பழைய கடனைத் தீர்க்கிறான் என்று எண்ணிப் புதிய கடன் வாங்குகிறான்.

அவ்வாறாயின் உடலைக் கத்தியால் அறுப்பதும் துன்பம் தருவதன்றோ என வினவலாம். இவ்வினாவிற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் இவ்விடத்திலேயே விடை தருகிறார். கருணையுடைய வைத்தியன் ஒருவன் தவமுனிவர் உடலிலுள்ள கட்டியை அறுக்கிறான். முனிவர்க்கு நோவு உண்டு, வைத்தியனுக்கோ பாவமில்லை. ஏனெனில் அவன் உள்ளத்தில் வெகுளி முதலான கஷாயம் இல்லை. ஆகவே நோவு என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் நன்மை தீமையை அளக்கலாகாது. அதன் பின்னுள்ள உள்ளக் கருத்தே அளவுகோல்.

இன்னொன்றும் கருதத்தக்கது. தியானங்களுள் விலக்கத்தக்க ஆர்த்த தியானம் நான்கு வகை. அவற்றுள் ஒன்று வேதனையைப் பற்றியே ஓயாது சிந்தித்தல். "ஏன் எனக்கு? எப்போது தீரும்? வேலை போய்விடுமோ? கடனை யார் அடைப்பார்?" என்று நள்ளிரவில் சுழலும் எண்ணங்கள் அனைத்தும் இதனுள் அடங்கும். அளவாக மருந்துண்டு நோவைத் தணித்து, அமைதியாக உறங்கி எழுபவன் அந்தத் தீத்தியானத்தினின்று விலகுகிறான். மருத்துவர் குறித்த அளவைத் தாண்டி உண்பதும், பிறர் சொல்கேட்டு வேறு மாத்திரை வாங்கி விழுங்குவதும் தவறே. இரவுண்ணா நோன்புடையோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறினால், மாலை உணவோடு உண்ணும்படி நேரத்தை அமைக்க இயலுமா என்று அவர் பார்ப்பார். விலங்குப் பொருளாலான கூடு கொண்ட மருந்துக்கு மாற்று உண்டா என்றும் கேட்கலாம்.

நோய் தீர்த்துக்கொள்வது தவத்திற்கு இழுக்கு என்பார்க்குச் சமந்தபத்திராசாரியார் வரலாறு போதும். காஞ்சியோடு தொடர்புடையவர் என மரபு போற்றும் அப்பெரியார்க்குத் தீராப் பசி தரும் பஸ்மக நோய் வந்தது. அவர் சல்லேகனை நோற்க விடை வேண்டினார். குருவோ இசையாது, தவக்கோலத்தைச் சிலகாலம் நீக்கி வைத்து நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் துறவேற்குமாறு பணித்தார் என்பர். அவ்வாறு மீண்டவர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமே இன்றும் நம் இல்லங்களில் ஓதப்படுகிறது. அந்நூலிலும் சல்லேகனைக்குரிய நோயாக அவர் குறிப்பது மாற்று வழியில்லாத நோயையே. வழியிருக்கும்போது அவ்வழியே செல்க என்பது இதனால் பெறப்படும்.

இனிப் பயிற்சியைப் பற்றி. தோள்மூட்டினைச் சூழ்ந்த நான்கு தசைகளின் நார்கள் கையெலும்பின் தலையைக் கவிந்து பிடித்துள்ளன. கிழிந்த நாரை எலும்போடு தைத்தபின் அது ஒட்டிப் பற்ற ஏறத்தாழ 12 வாரம் ஆகும். பெரும்பாலும் முதல் 4 முதல் 6 வாரம் தூளி. பிறர் உதவியால் அசைத்தல். பின்னர்த் தானே உயர்த்தல். 12 வாரத்திற்குப் பின்னரே வலுவூட்டல். தலைக்குமேல் செய்யும் கடும்பணிக்கு 6 மாதமும் ஆகலாம். முறையும் காலமும் அவரவர் மருத்துவர் வகுப்பதே. நோவு குறைவதும் நார் ஒட்டுவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. நோவு தணிந்ததென்று இரண்டாம் மாதமே சுமை தூக்கினால் தைத்தது பிரியும். நோவுக்கு அஞ்சி அசையாதிருந்தால் மூட்டு இறுகும். அவசரம் ஆசையின் பிள்ளை. அசையாமை அச்சத்தின் பிள்ளை. காய்ச்சலோ, காயத்தில் நீர்வடிதலோ, திடீரெனக் கை வலுவிழத்தலோ காணின் உடனே மருத்துவரை அணுகுக.

முதலில் கற்பிக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, சற்றே குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட விடுதல். அவ்விளைஞர் கையை இறுக்கிக்கொண்டே அதனைச் செய்தார். "தம்பி, நம் கோயிலில் நின்ற கோலத்துத் தீர்த்தங்கரர் திருக்கைகள் எவ்வாறு உள்ளன?" என்று கேட்டேன். சற்று எண்ணி, "தளர்ந்து தொங்குகின்றன ஐயா" என்றார். அதுவே காயோத்சர்க்கம், 'இவ்வுடல் நான் அல்லேன்' என்று உடற்பற்றை விடும் நிலை. பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதி, மூச்சை நெறிப்படுத்தி, கையை அந்நினைவோடு விடுமாறு கூறினேன். மாத்திரையும் அன்று மாலை உணவோடு உண்டார்.

உடனிருப்போர்க்கும் அறம் உண்டு. நோயுற்றோர்க்குப் பணிசெய்யும் வையாவிருத்தியம் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று. ஔஷத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. இரவில் முதுகுக்கு அணை வைத்துச் சாய்த்துப் படுக்கச் செய்தல், முழங்கையின்கீழ்ச் சிறு தலையணை இடுதல், சட்டை அணிவித்தல் ஆகியன சிறியன எனினும் தவமே. இ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதி பெற்றோர்க்கு நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அதற்குரிய தாள்களை அலைந்து முடித்துக் கொடுப்பதும் தொண்டே. அதன்பின்னும் பணிக்கு உடல் தேறாதார்க்கு ஊரும் உறவும் துணைநிற்றல் கடன்.

மூன்று மாதங்களுக்குப்பின் அந்தத் தாயும் மகனும் திருப்பருத்திக்குன்றத்தில் எதிர்ப்பட்டனர். கடும்பணிக்கு அவர் இன்னும் திரும்பவில்லை. இருகைகளையும் மார்பளவில் குவித்துப் பெருமானைத் தொழுதார். "இன்னும் தலைக்குமேல் குவிக்க வரவில்லை ஐயா" என்றார். "வரும், அளவோடு முயல்க" என்றேன். தாயார் கண்களில் நீர் நிறைந்தது.

வந்த நோவைச் சமநிலையோடு ஏற்பதும், தீர்க்கும் வழியைச் சோராது மேற்கொள்வதும் ஒருங்கே நிகழ்வதே இல்லறத்தார்க்குரிய தவம். அத்தகைய பொறுமை அனைவர்க்கும் வாய்க்க அருகன் அறம் துணை நிற்பதாக.

ஜெய் ஜினேந்திர!