இலக்கு வட்டத்துக்குள் இருப்பவர்கள்

1944 ஏப்ரல் 16 அன்று திருகோணமலையிலிருந்து ஒரு பெரும் கடற்படை கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் தலைமை தாங்கினார். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இலஸ்ட்ரியஸும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகாவும் நடுவில் செல்ல, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, டச்சு, பிரெஞ்சுக் கப்பல்களும் உடன் சென்றன. 19ஆம் தேதி அதிகாலை அவற்றிலிருந்து 83 விமானங்கள் எழும்பின. சுமாத்திராவின் வடமுனைக்கு எதிரே உள்ள வே தீவின் சபாங் துறைமுகமும் விமானத்தளமும், எதிர்க்கரையில் லோங்கா விமானத்தளமும் இலக்குகள். தரையில் நின்றிருந்த 24 ஜப்பானிய விமானங்கள் அழிந்ததாக நேசப்படைகள் கணக்குக் காட்டின. நான்கு எண்ணெய்க் குதங்களில் மூன்று பற்றி எரிந்தன. தாக்கச் சென்றவர்கள் இழந்தது ஒரே ஒரு விமானம். அதன் விமானியையும் நீர்மூழ்கி ஒன்று கடலிலிருந்து மீட்டுவிட்டது.

போர்க்கலை நூல்களைப் பொறுத்தவரை இது மாசில்லாத வெற்றி. அறநூலைப் பொறுத்தவரை கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் சபாங்கைப் பிடிக்க அந்தக் கடற்படை போகவில்லை. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் படைகள் நியூகினியின் ஹொலந்தியாவில் இறங்கவிருந்தன. அந்த வேளையில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்த ஜப்பானியப் படைகள் அங்கே நகராதபடி அவற்றின் கவனத்தை இந்துப் பெருங்கடல் பக்கம் இழுத்து வைக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைத் தலைமை கேட்டுக்கொண்டது அதைத்தான். அப்படியானால் சபாங்கில் அன்று செத்தவர்கள், எங்கோ தொலைவில் நடக்கப்போகும் வேறொரு காரியத்துக்காகச் செத்தார்கள். பகைவன் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஓர் ஊரின்மேல் குண்டு போடலாமா?

போடலாம் என்பாருக்கு வலுவான வாதம் உண்டு. விமானத்தளம் போர்க்கருவி. அங்கே நிற்கும் விமானம் நாளை எழும்பி நம் கப்பலை மூழ்கடிக்கும். எந்த நோக்கத்துக்காகப் போனாலும் அழிந்தது ஆயுதம்தானே? இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. லண்டனிலும் ஹம்பர்க்கிலும் டோக்கியோவிலும் வீடுகளின்மேல் குண்டுகள் விழுந்த ஒரு போரில், ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்த தளபதி மற்றவர்களைவிட நேரிய வழியில்தான் நடந்தார். ஆனால் அந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. கவனத்தைத் திருப்பும் நோக்கம் ஒரு தாக்குதலின் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யலாம். எதைத் தாக்குவது என்று முடிவு செய்ய அதற்கு உரிமை கிடையாது. சபாங்கில் விமானத்தளமும் எரிபொருளும் இல்லாமல் வெறும் மீன்பிடிக் கிராமம் மட்டும் இருந்திருந்தால், அதைத் தாக்கியும் பகைவனைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கலாம். அது கொலையாகவே இருந்திருக்கும்.

திருகோணமலை இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் அறிந்த ஊர். 1942 ஏப்ரல் 9 காலை ஏழு மணி கடந்ததும், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து வந்த ஏறத்தாழ 130 விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஜப்பானியத் திட்டத்தின் தர்க்கமும் அதேதான்: பகைவனின் விமானங்களைத் தரையிலேயே முடித்துவிட்டால் நம் கப்பல்களுக்கு ஆபத்தில்லை. எச்சரிக்கை கிடைத்திருந்ததால் பிரித்தானியர் முந்திய இரவே கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அப்படி வெளியேறிய விமானந்தாங்கி ஹெர்மிஸ், தன் விமானங்களைச் சீனக்குடாவில் விட்டுவிட்டுப் போனது. மேலே காக்க ஆளில்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். விட்டா என்ற மருத்துவக் கப்பல் நீரில் தத்தளித்தவர்களை அள்ளியெடுத்தபோது ஜப்பானிய விமானிகள் அதைத் தொடவில்லை. குண்டுகள் பொழியும் நேரத்திலும் இது கூடாது என்று கையை நிறுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களுக்கிடையே அந்தக் காலையின் அடையாளம் இன்னும் கிடக்கிறது. ஜப்பானிய விமானம் ஒன்று போய் மோதிய குதம் என்று ஊரார் காட்டும் இடம் அது. தீ பல நாள் எரிந்ததாம். தடித்த இரும்புத் தகடுகள் வெயிலில் வைத்த மெழுகைப் போலத் தளர்ந்து, மடிந்து, துருவேறிச் செடிகளுக்குள் நிற்கின்றன. இரும்பே இப்படி ஆன இடத்தில், துறைமுகத்துக்கு அன்று வேலைக்கு வந்த மனிதர்களை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மூழ்கிய கப்பல்களும் விழுந்த விமானங்களும் வரலாற்று நூல்களில் பெயரோடும் எண்ணோடும் வருகின்றன. கரி சுமந்தவரும் ஓடுபாதைக்குக் கல் சுமந்தவரும் பெரும்பாலும் ஒரு வரியில் போய்விடுகிறார்கள்.

இந்த விடுபடல் வெறும் ஏட்டுப் பிழை என்று கடந்துபோகக் கூடாது. திட்டமிடும் மேசையிலேயே அது தொடங்கிவிடுகிறது. வான்படம் ஓடுபாதையைக் காட்டும், விமானங்களை எண்ண விடும், குதங்களின் வட்டத்தைத் துல்லியமாகக் காட்டும். ஓடுபாதையின் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் கூலியாளை அது காட்டாது. காட்டினாலும் அவர் விரும்பி வந்தவரா, பிடித்து வரப்பட்டவரா என்று சொல்லாது. ஜப்பானியர் ஜாவாவிலிருந்து ரோமுஷா என்ற பெயரில் பெருந்திரளான மக்களைக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் விமானத்தளங்களில் உழைத்தவர்கள். சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பாதையின் பாலங்களையும் நிலையங்களையும் நேசப்படை விமானங்கள் தாக்கியபோது, கீழே இருந்தவர்களில் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் உண்டு. பகைவனின் நிலத்தில் இருப்பவரெல்லாம் பகைவர் அல்லர் என்பதற்குத் தமிழர் வேறு எங்கும் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

புறநானூற்றின் ஒன்பதாம் பாடலை இந்த இடத்தில் பலரும் நினைப்பார்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு எய்யுமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளரும் பிள்ளையில்லாதோரும் காப்பிடம் சேருங்கள் என்று அறிவிப்பானாம். நெட்டிமையார் பாடியது. அறப்போர் என்றதும் இதை மேடையில் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். அதே நெட்டிமையார் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாம் பாடலையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. பகைவர் ஊரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுதான் என்று அங்கே புகழ் வருகிறது. எச்சரிப்பவனும் ஊரைப் பாழாக்குபவனும் ஒரே ஆள். அறிவிப்பு ஒன்றே போரை அறமாக்கிவிடாது என்பதைச் சங்கப் பாடல்களே அருகருகே வைத்துக் காட்டிவிட்டன.

விமானத்தளத் தாக்குதலில் அந்த அறிவிப்புக்கும் இடமில்லை. முன்கூட்டிச் சொன்னால் விமானங்கள் பறந்துவிடும். திடீர்த் தாக்குதல்தான் அதன் உயிர். எச்சரிக்கும் கடமையைக் கைவிடும் தளபதி, அந்தப் பாரத்தைத் தன் தேர்வுகளின்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு குண்டு, குறி தவறினால் அது எங்கே விழும் என்பதெல்லாம் இங்கே அறக்கேள்விகள். பலன் கிடைக்குமா என்பதும் அப்படித்தான். 1944 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் 54 பி–29 குண்டுவீச்சு விமானங்கள் சீனக்குடாவிலிருந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன. போய்வர ஏறத்தாழ 4,000 மைல். இரவில், மேகத்துக்கு மேலிருந்து பெரும்பாலும் ராடாரை நம்பிக் குண்டு வீசினார்கள். விளைந்த சேதம் மிகக் குறைவு. அதன்பின் இலங்கை வழியாக அந்த விமானங்கள் தாக்கப் போகவேயில்லை. குறியைக் காணாமல் இருட்டில் விழுந்த குண்டுக்கு ராணுவப் பலன் குறையலாம், பாதிக்கப்படும் ஏழைக்கு வலி குறையாது.

தாக்குபவரோடு பொறுப்பு முடிவதுமில்லை. குடியிருப்பின் அருகே தளம் அமைப்பவரும், கட்டாயத்தால் அங்கே ஆளை நிறுத்துபவரும் அதில் பங்காளிகள். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை இரு பக்கத்தையும் பேசுகிறது. 57ஆம் பிரிவு தாக்குபவர் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையைச் சொல்கிறது. 58ஆம் பிரிவு, மக்கள் செறிந்த இடத்தில் ராணுவ இலக்கை வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் காப்பவர் தவறினார் என்பது தாக்குபவருக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. மக்களைக் கேடயமாக்கியது ஒரு குற்றம், அந்தக் கேடயத்தைத் தெரிந்தே துளைப்பது இன்னொரு குற்றம்.

இது பழங்கதையாக இருந்தால் எழுத வேண்டிய தேவையே இல்லை. 2006 ஏப்ரல் இறுதியில் இலங்கை விமானப்படை திருகோணமலைக்கு அருகே மூதூர் கிழக்கில் குண்டு வீசியபோது பொதுமக்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். 2008 ஆகஸ்ட் 26 இரவு விடுதலைப் புலிகளின் விமானங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின்மேல் குண்டு போட்டன. ராணுவ இலக்கைத்தான் அடித்தோம் என்று ஒவ்வொரு தரப்பும் சொன்னது. அடித்தது எது என்பதோடு, அங்கே யார் இருந்தார்கள் என்பதற்கும் தாக்கியவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைத் தாக்குதலுக்கு முன்பே எழுத்தில் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். 1977 நெறிமுறையில் இலங்கையும் இணையவில்லை, இந்தியாவும் இணையவில்லை. இரண்டு நாடுகளும் இனியாவது இணைய வேண்டும், அதை நாடாளுமன்றங்களில் கேட்க வேண்டியவர்கள் இரு கரைத் தமிழர்களும்தான்.