ஆர்வம் பிறவிச் சொத்தா?

“இவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று மாணவன்மீது பழி சுமத்துவோர் உளர். நாட்டம் என்ன, தலையெழுத்தா?

அரசுப் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம், மெட்ரிகுலேசன் பள்ளிக்கு மற்றொன்று என்றிருந்த நாளில், உழைப்பாளியின் மகனிடம் அவன் கைநூலே “நீ தாழ்ந்தவன்” என்றது. அங்கே வேட்கை எங்ஙனம் முளைக்கும்?

2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் பிறந்தது. 2011-இல் அதை நடைமுறைப்படுத்த உச்சநீதிமன்றம் பணித்தது. நூல் பொதுவாயிற்று. கேள்வி கேட்கும் உரிமை பொதுவாயிற்றா? “ஏன்?” என்பவனை அடக்கி, ஒப்பிப்பவனைப் போற்றினால், புதுநூலும் பழைய மந்திரமே!

தோழர்களே! பாடத்தை மாற்றச் சட்டம் போதும். ஆர்வத்தை வளர்க்க ஆசிரியன் மாறவேண்டும். மாணவனைப் பழிக்குமுன், அவன் கேட்ட கேள்விக்கு விடையளித்தோமா என்று ஆசிரியராகிய நாம் நம் நெஞ்சைக் கேட்போம்!