அச்சம் நீங்கும் வழி

அச்சம் சிறிதும் இலாதார் உலகில் உளரோ? உளராயினும், அச்சம் உடையராய் அதனை வென்றாரே வியக்கத்தக்கார். அங்ஙனமாயின், வெல்லும் வழி யாது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சில ஆண்டுகட்கு முன்னர், வடலூரில் எம்பால் தமிழ் பயின்ற மாணவரொருவர் விடைபெற வந்தனர். நெய்வேலியில் வளர்ந்த அவர், மாணவர் பரிமாற்ற முறையில் ஓராண்டு செர்மனி நாட்டிற் கற்கச் செல்லவிருந்தனர். “ஐயா, தொலைவுக்கும் குளிருக்கும் நான் அஞ்சவில்லை. வகுப்பில் எழுந்து பேசும்போது என் சொற்பிழை கேட்டுப் பிறர் நகைப்பார்களே என்றுதான் அஞ்சுகிறேன்” என்றனர்.

யாம் அவர்க்குக் கணிதப் பேரறிஞர் இராமாநுஜனார் வரலாற்றை எடுத்துரைத்தேம். 1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி என்னும் அறிஞர் அழைத்தபோது, அவர் முதற்கண் இசைந்தாரல்லர். கடல் கடத்தல் குலவொழுக்கத்திற்கு மாறு எனச் சுற்றத்தார் விலக்குவர் என்பதே தடை. அவர் அஞ்சியது கடற்கன்று, மாந்தர் வாய்ச்சொற்கே. பின்னர் நாமக்கல் சென்று நாமகிரித் தாயார் திருக்கோயிலில் மூன்றிரவு தங்கினர். தாயாரின் இசைவு கிடைத்ததென்று தெளிந்து, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிற் கப்பலேறினர். ஆங்குத் தம் உணவைத் தாமே சமைத்துப் புலால் மறுத்தலைக் காத்தனர். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர்.

“அப்படியானால் அவர் அஞ்சியது பொய்யாயிற்றா?” என மாணவர் வினவினர். அன்று. நோயோடு 1919-இல் தாய்நாடு மீண்ட அவர், 32 ஆண்டே நிறைந்த நிலையில், 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள் மறைந்தபோது, கடல் கடந்தவரென்று உறவினர் பலர் ஈமச் சடங்கிற்கு வாராதொழிந்தனர் என்ப. அஞ்சியது நிகழ்ந்தேவிட்டது! ஆயினும் அவர் சென்றது வீணென்பார் யாவர்? ஆகலின், ‘அஞ்சுவது நிகழாது’ என்னும் நம்பிக்கை அஞ்சாமை ஆகாது என்க.

பின்னை யாதோ அஞ்சாமை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. பிறர் புகழையும் இகழையும் சார்ந்த உயிர் அவற்றோடு சேர்ந்து நடுங்கும். அவற்றினும் பெரிதாயதொன்றைச் சார்ந்த உயிரோ அதன் உறுதியைத் தானும் எய்தும். அச்சத்தை வறிதே ‘போ’ என்றால் அது போகாது. சார்பு மாறியவழியே அது கழலும். வடலூர்க்கு அணித்தாகிய கடலூர்ப் பகுதியிலே, கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அப்பரடிகள் சார்ந்தது திருவைந்தெழுத்து. அவர் கரையேறிய இடம் கரையேறவிட்ட குப்பம் என இன்றும் வழங்குகின்றது. இராமாநுஜனார் சார்ந்தவை தாயாரின் இசைவும் தம் கணிதமும் ஆம்.

ஓராண்டு கழிந்து மாணவர் மீண்டு வந்தனர். “முதல்நாள் நாக்குழறிற்று, சிலர் நகைக்கவும் செய்தனர். சொல்லவந்த பொருளையே நினைத்தேன், ஐயா. சிறிது நேரத்தில் என்னை மறந்துபோனேன்” என்றனர்.

யாம் உரைத்ததனினும் இது சிறந்த விடையாயிற்று. நகைக்கப்படுவது ‘யான்’ என்னும் முனைப்பே, அஞ்சுவதும் அதுவே. அது தன்னை மறந்தவிடத்து, அஞ்சுதற்கு ஆங்கு எவருளர்?