ஒளியும் பொய்யும்

விளம்பரச் சுவரொட்டிக்காக ஒரு முகத்தை அழகுறக் காட்டுவது பொய்யாகுமோ? அன்பர்களே, நாம் ஆராய்வோம்.

படம்பிடிப்போர் முன்னரே திட்டமிட்டு, வாசகத்துக்கென மேலே இடம் விடுவர். ஸ்டுடியோவில் விளக்கொன்றை ஒரு பக்கம் சற்றே உயர்த்தி வைப்பர். மறுபக்க நிழலை வெண்பலகையால் தணிப்பர். இதில் பொய் யாதுமில்லை; உள்ள முகமே நன்கு விளங்குகின்றது. கருமையை வெளுக்கச் செய்யுங்கால்தான் பொய் புகுகின்றது.

1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் விளம்பரங்கள் சிவந்த மேனியே சிறப்பெனக் காட்டின. கருநிறத்தாரைத் தாழ்த்திக் காட்டலாகாதென 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020-இல் ‘ஃபேர்’ என்னும் சொல் அப்பெயரினின்று நீங்கியது.

பெயர் மாறினால் போதுமோ? சுவரொட்டியைக் கண்டு ஒரு கரிய சிறுமி தன் முகத்தை வெறுப்பாளாயின், விளக்குப் பிடித்த கைக்கும் அதில் பங்குண்டன்றோ? கூலிக்குச் செய்தோம் என்பது விடையாகாது. நிழலை நீக்குவோம், நிறத்தை நீக்கோம்.