கட்டிப்போட்ட கரடியும் கேரண்டி கேட்கும் பக்தியும்

ஓம் சரவணபவ!



தலைப்பைப் பார்த்துட்டு "முருகன் பக்கத்துல கரடிக்கு என்ன வேலை?"ன்னு கேக்கத் தோணும். கொஞ்சம் பொறுமையா படிங்க. இன்னிக்கு யோசிக்கப் போற கேள்வி இதுதான்: காசு கொடுத்துட்டோம், கஷ்டமும் பட்டுட்டோம், அதனால பலன் கிடைச்சே ஆகணும்னு எதிர்பார்க்கிறது நியாயமா? கோயில் வாசலிலிருந்து ஆரம்பிச்சா இந்தக் கேள்வி நம்மைச் சுடும், உடனே கோபம் வரும். அதனால ரொம்ப தூரத்திலிருந்து, நமக்குச் சம்பந்தமே இல்லாத வேட்டைக்காரர்களிடமிருந்து ஆரம்பிப்போம்.

நம் நாட்டில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு பொழுதுபோக்கு வேட்டை படிப்படியா ஓய்ந்தது. ஆனா அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்கா, நமீபியா மாதிரி நாடுகளிலும் அது இன்னிக்கும் சட்டப்படி நடக்கிற தொழில். 'அவுட்ஃபிட்டர்' என்று சொல்லப்படும் வேட்டை ஏற்பாட்டாளர்கள் இருக்காங்க. காட்டுக்குள்ளேயோ காட்டோரத்திலேயோ விடுதி, சாப்பாடு, வண்டி, தடம் பார்க்கிற ஆள், கூடவே வர்ற வழிகாட்டி, அரசாங்க அனுமதி எல்லாம் அவங்க பொறுப்பு. பல ஆயிரம் டாலர் கட்டி ஆட்கள் வர்றாங்க.

வர்றவங்க என்ன எதிர்பார்க்கிறாங்க? நல்ல படுக்கை, சூடான சாப்பாடு, பத்திரமா திரும்பி வரணும். வழிகாட்டிக்குக் காடு தெரிஞ்சிருக்கணும், காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துக் கூட்டிப் போகணும். காகிதமெல்லாம் சட்டப்படி சரியா இருக்கணும். விளம்பரத்துல போட்டது ஒண்ணு, வந்து பார்த்தா வேற ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. இதெல்லாம் நியாயமான எதிர்பார்ப்பு. யாத்திரை ஏற்பாட்டாளரிடம் நாமும் இதைத்தானே கேட்கிறோம்?

இதுக்கு மேல ஒரு எதிர்பார்ப்பு இருக்கு: "மிருகம் கிடைக்கணும்."

இங்கேதான் சிக்கல். படுக்கையும் சாப்பாடும் ஏற்பாட்டாளர் கையில இருக்கு. மிருகம் அவர் கையில இல்ல. அது தன் பாட்டுக்குத் திரியற உயிர். நேர்மையான வழிகாட்டி முதல்நாளே சொல்லிடுவார்: "இது காடு. நான் கூட்டிப் போவேன், தெரிஞ்சதைச் சொல்லுவேன். வர்றதும் வராததும் என் பொறுப்பில்லை." தெற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் கட்டணமே ரெண்டா பிரிஞ்சிருக்கும். தங்குறதுக்கும் கூட வர்றதுக்கும் நாள் கட்டணம் தனி. மிருகம் விழுந்தா அதுக்குத் தனி. மிருகம் காயப்பட்டு ஓடித் தப்பிச்சிட்டாலும் முழுப் பணமும் கட்டணும்னு ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் சிந்த வச்சிட்டா, பலன் கைக்கு வந்தாலும் வராட்டியும் கணக்கு உன் பேர்லதான். வியாபாரிகள் போட்ட விதியா இருந்தாலும் கர்மக் கணக்கு மாதிரியே இருக்கு பாருங்க.

இப்போ கரடி கதைக்கு வர்றேன்.

1902ஆம் வருஷம் நவம்பர் மாசம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் காடு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்கு வந்திருந்தார். அவருக்கு வழிகாட்டி ஹோல்ட் காலியர் என்கிற கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்தவர், கரடி வேட்டையில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லைன்னு பேர் வாங்கியவர். நாட்டின் ஜனாதிபதி வந்திருக்கார். அவருக்கு ஒரு கரடி கிடைச்சே ஆகணும். காலியர் தலையில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

நாய்களை விட்டுக் கரடியைத் துரத்திக் கொண்டுவந்தார் காலியர். அது வந்து சேர்ந்த நேரம் ரூஸ்வெல்ட் அந்த இடத்துல இல்லை, முகாமுக்குப் போயிருந்தார். கரடி ஒரு நாயைக் கொன்னுடுச்சு. காலியர் துப்பாக்கிக் கட்டையால் கரடியை அடிச்சு, மயங்கினதை மரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டு, ஜனாதிபதிக்குச் சேதி அனுப்பினார். "வாங்க, சுடுங்க."

ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். சுட மாட்டேன்னுட்டார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடறது வேட்டையே இல்லைங்கிறது அவர் எண்ணம். இந்தச் சேதி பத்திரிகையில் கேலிச்சித்திரமா வந்து, அதைப் பார்த்து ஒரு கடைக்காரர் பொம்மை செஞ்சு, அதுதான் இன்னிக்கு நம்ம வீட்டுக் குழந்தைகள் கட்டிக்கிட்டுத் தூங்குற 'டெடி பேர்'.

அதுக்காக ரூஸ்வெல்ட்டை மகானாக்கிட வேண்டாம். அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியைக் கத்தியால் முடிக்கச் சொன்னதும் அவர்தான். 1909இல் ஆப்பிரிக்காவுக்குப் போய் அவரும் அவர் மகனுமா 500க்கு மேற்பட்ட பெரிய மிருகங்களைச் சுட்டாங்க. நான் பார்க்கச் சொல்றது அவரை இல்லை, காலியரை. காடு அறிஞ்ச, கைதேர்ந்த வேட்டைக்காரர் ஒருத்தர் எதுக்காகக் கரடியை மரத்துல கட்டினார்? வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாதுங்கிற நெருக்கடி. எதிர்பார்ப்பு அளவுக்கு மீறினா, நல்ல வழிகாட்டிகூட மிருகத்தைக் கட்டிப்போடத்தான் செய்வார்.

அந்த ஒரு கரடியோட இது நிக்கலை. தென் ஆப்பிரிக்காவில் சிங்கங்களைப் பண்ணையில் ஆயிரக்கணக்கில் வளர்க்கிறாங்க. குட்டியா இருக்கும்போது சுற்றுலாப் பயணிகள் கொஞ்சிப் படம் எடுத்துப்பாங்க. வளர்ந்த பிறகு அதுகளில் பலது வேலிக்குள்ள விடப்பட்டு, காசு கட்டினவர் சுடறதுக்கு. மனுஷனைப் பார்த்தா பயந்து ஓடவே தெரியாத சிங்கம். "கண்டிப்பா கிடைக்கும்"கிற உத்தரவாதத்தின் உண்மையான விலை அதுதான். 2021இல் அந்நாட்டு அரசே இந்தப் பண்ணை முறையை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவிச்சது. நேர்மையான வேட்டைக்காரர்கள்கூட இதை வேட்டைன்னு ஒத்துக்க மாட்டாங்க.

மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லேன்னா நியாயமாகாது. நமீபியாவில் 1996இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால, கிராம மக்கள் தங்கள் பகுதியைக் காப்பகமா பதிவு செஞ்சு, அங்குள்ள வனவிலங்கால் வர்ற வருமானத்தைத் தாங்களே அனுபவிக்கலாம். சுற்றுலாப் பணமும் வேட்டைப் பணமும் அதில் சேர்த்தி. பயிரை அழிக்கிற யானையை விரோதியா பார்க்காம இருக்க அந்த வருமானம் ஒரு காரணமா இருக்குன்னு அவங்க சொல்றாங்க. 2014இல் ஒரே ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தை வேட்டையாடும் அனுமதி அமெரிக்காவில் 3,50,000 டாலருக்கு ஏலம் போச்சு. பணம் காண்டாமிருகப் பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. உலகமே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. கென்யாவோ 1977இலேயே வேட்டையைத் தடை செஞ்சு, வேற வழியில போயிடுச்சு.

என் மனசுக்கு, சுவரில் தலையை மாட்டுறதுக்காக ஒரு உயிரை எடுக்கிறது சம்மதம் இல்லை. கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர் பிறந்த மண் நம்முடையது. ஆனா பசியோடும் யானைப் பயத்தோடும் வாழ்ற அந்தக் கிராமத்தாரைப் பார்த்து, இங்கே ஃபேன் காத்துல உக்காந்துக்கிட்டு "பாவி"ன்னு சொல்ற யோக்கியதையும் எனக்கு இல்லை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். வேட்டை நமக்கு அந்நியமா என்ன? நம்ம வள்ளியம்மையை வளர்த்தவரே வேடர் தலைவர் நம்பிராஜன். அம்மை பிறந்ததோ மான் வயிற்றில். மான் பெற்ற மகளை வேடன் வளர்த்தான்! அவளைத் தேடி வந்த நம்ம அப்பனும் வேடன் கோலத்தில்தான் வந்தான். தினைப்புனத்தில் வள்ளி இருக்கும் சேதியை அவனிடம் சொன்னவர் நாரதர். சொன்னதோடு சரி. "நீங்க போனா உடனே சம்மதிச்சிடுவா"ன்னு அவர் உத்தரவாதம் எதுவும் கொடுக்கலை. தேவர்களுக்கே சேனாபதி போய் நின்னும் வள்ளி மசியலை. வேடனா போனான், வேங்கை மரமா நின்னான், கிழவனா வந்தான், கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டான். கேட்டவன் கடவுளாவே இருந்தாலும், எதிரில் இருக்கிறவளுக்கு ஒரு மனசு இருக்குங்கிறதை அந்தக் கதை மறக்கலை.

கண்ணப்பரையும் பாருங்க. திண்ணன் போனது பன்றி வேட்டைக்கு. கூட ஓடி வந்த நாணன்தான், "மலை மேலே குடுமித்தேவர் இருக்கார், கும்பிடலாம்"னு சொன்னவன். நல்ல வழிகாட்டி அவன். மலையைக் காட்டினான்; அங்கே என்ன நடக்கும்னு அவனுக்கே தெரியாது. திண்ணன் எதிர்பார்த்துப் போனது பன்றி, கிடைத்தது சிவம்.

இப்போ கோயில் வாசலுக்கு வந்துடுவோம். "48 நாள் இதைச் செய்யுங்க, நூறு சதவீதம் கேரண்டி", "இந்த மெசேஜை 11 பேருக்கு அனுப்புங்க, நாளைக்குள்ள நல்ல சேதி". தினமும் நம்ம போனுக்கு வருது. பரிகாரம் சொல்றவங்க, பேக்கேஜ் போடறவங்க எல்லாரும் உத்தரவாதம் கொடுக்கிறாங்க. அவங்களைத் திட்டறது சுலபம். ஆனா காலியரை நினைச்சுப் பாருங்க. "கும்பிடு, நல்லது நடக்கும்னு நம்பு, மத்தது அவன் சித்தம்"னு உண்மையைச் சொல்ற பெரியவர்கிட்ட எத்தனை பேர் போறோம்? "கண்டிப்பா நடக்கும்"னு சொல்றவர்கிட்டதானே கூட்டம்? கரடியைக் கட்டச் சொல்லி நெருக்கறது நாமதான்.

இதனால் என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். கெட்டுப்போறது ஏழைப் பெண்ணோட மனசு. சஷ்டி விரதம் இருந்தா பிள்ளை வரம்னு நம்ம நம்பிக்கை. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்"னு அதை விரதத்தோடு சேர்த்துச் சொல்றோம். நல்ல நம்பிக்கைதான். ஆனா அதையே கேரண்டியா ஆக்கிட்டா, ஆறு வருஷம் விரதம் இருந்தும் பிள்ளை இல்லாத பொண்ணு என்ன நினைப்பா? "என் விரதத்துலதான் ஏதோ குறை. நான்தான் பாவி." சுத்தி இருக்கிறவங்களும் அதையே சொல்லுவாங்க. கேரண்டி கொடுத்தவர் தப்பிச்சுப்பார். காயம் அவளுக்கு. வேட்டைக்காரங்க விதிப்படி பார்த்தா, ரத்தம் சிந்த வச்சவர்தானே கணக்கு கட்டணும்?

அப்போ முருகன்கிட்ட எதையுமே கேக்கக் கூடாதா? தாராளமா கேளுங்க. அழுதும் கேளுங்க, சண்டை போட்டும் கேளுங்க. அப்பன்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்கிறது? கேக்கிறது பிள்ளையோட உரிமை. "இவ்வளவு கட்டினேன், இவ்வளவு நடந்தேன், எடு"ன்னு சொல்றது கடைக்காரர்கிட்ட பேசுற பேச்சு. வேலிக்குள்ள அடைச்ச சிங்கம் காட்டுச் சிங்கம் இல்லேங்கிற மாதிரி, நம்ம கணக்குக்குள்ள அடைபட்டு நிக்கிறது நம்ம முருகனும் இல்லை. வழி காட்டறவங்ககிட்ட உண்மையை எதிர்பாருங்க, பத்திரத்தை எதிர்பாருங்க. பலனை அவங்க வாயால வாங்க நினைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. வேட்டைக்குப் போனவங்க ஜெயிச்சதுக்கு அடையாளமா செத்த தலையைச் சுவரில் மாட்டுறாங்க. நம்ம அப்பன் சூரனை ஜெயிச்சான். அடையாளமா என்ன வச்சிருக்கான்? ஒரு பாதி மயிலா அவனைச் சுமக்குது, மறுபாதி சேவலா கொடியில் கூவுது. தோத்தவனையும் பக்கத்திலேயே வச்சுக்கிட்டவன் அவன். அப்படிப்பட்டவன்கிட்ட போய் ரசீதை நீட்டணுமா என்ன?

அடுத்த சஷ்டிக்கு விரதம் இருக்கிற சகோதரிகள் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, முதல்ல அவங்களுக்கு இதை அனுப்புங்க. "நடக்காட்டி அது உன் குறை இல்லைம்மா"ன்னு ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!